எஸ்பி-10 எம்கே2-க்கு பிளிந்த் செய்கிறேன்: 9 அங்குலக் கை மூலையில் உட்காருமா?

தட்டுச்சுழல்:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாள் தேடலுக்குப் பிறகு டெக்னிக்ஸ் எஸ்பி-10 எம்கே2 டர்ன்டேபிள் (ரெக்கார்டு சுழற்றும் கருவி) ஒன்று கைக்கு வந்துவிட்டது. மோட்டார் யூனிட்டும் எஸ்எச்-10இ பவர் சப்ளையும் மட்டும்தான், பிளிந்த் (யூனிட்டையும் கையையும் தாங்கும் அடிப்பீடம்) இல்லை. 1975-இல் வந்த மாடல், இன்றைக்கும் பட்டனைத் தொட்டதும் கிட்டத்தட்ட 3 கிலோ எடையுள்ள தட்டு கால் நொடியில் வேகம் பிடிக்கிறது. முதல் நாள் ரெக்கார்டே போடாமல் அதைத் தொடங்கி நிறுத்தி, தொடங்கி நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் திட்டம் இதுதான். 18 மி.மீ. பிர்ச் ப்ளைவுட்டை நான்கு அடுக்காக ஒட்டி 72 மி.மீ. தடிமன், நீள அகலம் 55 × 45 செ.மீ. ஊசியைத் தாங்கும் கை ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, 9 அங்குலம், பிவட்டிலிருந்து (கை திரும்பும் புள்ளி) ஸ்பிண்டில் (தட்டின் நடு அச்சு) வரை 214 மி.மீ. அதை வலது பக்கம் பின் மூலையில் வைக்க ஆசை, பார்க்க அதுதான் எடுப்பாக இருக்கும். ப்ளைவுட் போதுமா, ஸ்லேட் கல்லுக்கே போய்விடலாமா? அடியில் ஸ்பிரிங் வைக்கலாமா? என் பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளில் ஸ்பிரிங் நன்றாக வேலை செய்தது. ரூட்டர் (மரம் குடையும் மின்கருவி) வைத்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு பெரிய ஓட்டை வெட்டியதில்லை.

கோணமானி:

வாழ்த்துகள் நண்பரே. மரம் வாங்கும் முன் ஒரு பெரிய தாளில் முழு அளவில் வரைந்து பாருங்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லும் மூலையில் அந்தக் கை உட்காரவே உட்காராது.

எம்கே2-வின் மேல்பகுதி சதுரம், ஒரு பக்கம் ஏறத்தாழ 37 செ.மீ. நடுவிலிருந்து பக்கவாட்டு விளிம்புக்கு 185 மி.மீ., ஆனால் மூலைக்கு 261 மி.மீ. உங்கள் கைக்கு வேண்டியது 214. அதாவது மூலைத் திசையில் 214 என்பது யூனிட்டின் மேலேயே விழுகிறது. பக்கவாட்டில்தான் வழி. கையின் அடிப்பாகம் 40 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் அதன் மையம் விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி, அதாவது ஸ்பிண்டிலிலிருந்து வலப்பக்கமாக 205 மி.மீ.-இல் இருக்க வேண்டும். பிதாகரஸ் கணக்குப் போட்டால் அங்கிருந்து பின்பக்கமாக அதிகபட்சம் 61 மி.மீ. நகரலாம், அவ்வளவுதான். இதே யூனிட்டோடு பலரும் சேர்த்த டெக்னிக்ஸ் இபிஏ-100 கைக்கு 235 மி.மீ., அதற்கு 115 வரை பின்னால் போகலாம். எஸ்எம்இ கம்பெனியின் 12 அங்குலக் கை என்றால் 295.6, அதைத்தான் தாராளமாக மூலைக்குப் பின்னால் வைக்க முடியும்.

இதில் அழகைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. யூனிட்டுக்கு வெட்டும் ஓட்டைக்கும் கைக்குத் துளைக்கும் ஓட்டைக்கும் நடுவில் மிஞ்சுவது விரல் அகல மரம்தான். ஊசி அளப்பது தட்டின் அச்சைத் தாங்கும் பேரிங்குக்கும் கைக்கும் நடுவில் நடக்கும் அசைவைத்தான், அந்த இரண்டையும் பிடித்து வைத்திருப்பதே அந்த மெல்லிய சுவர்தான். பிளிந்த் 30 கிலோ இருந்தாலும் அந்த இடம் துள்ளினால் பயனில்லை. என்ன மரம் என்பதற்கு முன்னால் அந்தச் சுவரை எப்படி விறைப்பாக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். நானாக இருந்தால் 10 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஆர்ம்போர்டு (கையைப் பொருத்தும் பலகை) செய்து, பின்பக்கமும் வலப்பக்கமும் இருக்கும் கெட்டி மரத்தில் நீள போல்ட் போட்டு இறுக்குவேன்.

மரத்தூள்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் வெட்டும் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான்கு அடுக்கையும் ஒட்டிவிட்டு வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். 72 மி.மீ. ஆழத்துக்குச் சாதாரண ரூட்டர் பிட் எட்டாது, எட்டும் நீளப் பிட் நடுங்கி ஓட்டையைக் கோணலாக்கிவிடும். முதலில் 6 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் ஒரு டெம்ப்ளேட் (ஓட்டையின் வடிவ அச்சு) செய்யுங்கள். அதில் அவசரம் கூடவே கூடாது, டெம்ப்ளேட்டில் இருக்கும் ஒவ்வொரு மேடு பள்ளமும் கடைசி அடுக்கு வரை அப்படியே இறங்கி வரும். முதல் பலகையில் ஜிக்ஸாவால் கோட்டுக்கு உள்ளே 2 மி.மீ. விட்டு அறுத்துவிட்டு, உருளும் சிறு பேரிங் வைத்த பிட்டால் டெம்ப்ளேட்டை ஒட்டி ஓட்டுங்கள். அப்புறம் டெம்ப்ளேட் தேவையில்லை. இரண்டாவது பலகையை முதல் பலகையோடு ஒட்டி, காய்ந்ததும் முதல் பலகையின் சுவரையே வழிகாட்டியாக வைத்து பிட்டை ஓட்டலாம். இப்படி ஒன்றன் பின் ஒன்றாக. ஒரே தடவையில் முழு ஆழமும் இறக்க வேண்டாம். பிர்ச் ப்ளைவுட்டில் பிட் ஒரே இடத்தில் ஒரு நொடி நின்றாலும் கருகும். பசை அடுக்குகள் பழுப்புக் கோடாகத் தெரியும், கருகிய வாசனை மூக்கில் ஏறும், அப்போது கையை நகர்த்தினால் போதும், நிறுத்தாதீர்கள்.

நான் முதலில் செய்த பிளிந்தில் ஒரு பெரிய தப்பு நடந்தது. மரப்பசை காய்ந்துவிட்டது என்று மறுநாளே மேல்பரப்பை இழைத்து வார்னிஷ் அடித்தேன். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. பத்து நாள் கழித்து நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு தாள் உள்ளே போகிறது. ஒட்டியபின் குறைந்தது ஒரு வாரம் இரண்டு பக்கமும் காற்று படும்படி கட்டைகள் மேல் தூக்கி வையுங்கள். பொறுமையாக இருங்கள், பலன் தெரியும்.

கருங்கல்:

ஸ்லேட் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். நான் ஸ்லேட்டில்தான் செய்திருக்கிறேன், அதன் அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், தட்டினால் "டக்" என்று செத்த சத்தம்தான் வரும். ஆனால் உங்கள் அளவைக் கணக்குப் போடுங்கள். ஓட்டை போக மிஞ்சும் ப்ளைவுட் 8 கிலோ சொச்சம் வரும், அதே கன அளவு ஸ்லேட் 30 கிலோவைத் தாண்டும், தாங்கும் மேசை வேறு வேண்டும். ஸ்லேட் இயற்கையிலேயே ஏடு ஏடாகப் பிரியும் கல், கோணமானி சொன்ன அந்த மெல்லிய சுவர் இருக்கும் இடத்தில் அது பிளந்துகொள்ளும் ஆபத்து உண்டு. 12 அங்குலக் கை என்றால் ஸ்லேட்டுக்குப் போங்கள் என்பேன். உங்கள் கைக்கு வேண்டாம்.

அப்புறம் ஸ்பிரிங். பெல்ட் டிரைவோடு ஒப்பிடாதீர்கள். எம்கே2-வின் தொடக்கத் திருப்புவிசை 6 கிலோ-செ.மீ., அதாவது ஸ்பிண்டிலிலிருந்து 10 செ.மீ. தள்ளி 600 கிராம் விசையால் தள்ளுவதற்குச் சமம். தட்டை ஒரு பக்கம் திருப்பும்போது அதே விசை பிளிந்தை எதிர்ப்பக்கம் திருப்பும். மெத்தென்ற ஸ்பிரிங் மேல் வைத்தால் தொடங்கும்போது ஒரு ஆட்டம், பிரேக் பிடிக்கும்போது ஒரு ஆட்டம். ஊசி ரெக்கார்டின் மேல் இருக்கும்போதே ஸ்டார்ட் ஸ்டாப் செய்யும் பழக்கம் இருந்தால் கஷ்டம்தான். தரையின் அதிர்வு தொல்லை தந்தால் மேசையைச் சரி செய்யுங்கள். பிளிந்துக்குக் கெட்டியான மூன்று கால் போதும். மோட்டாரை மட்டும் ரப்பரில் மிதக்க விட்டுக் கையைப் பிளிந்தில் இறுக்கும் யோசனை வந்தால் தயவுசெய்து கைவிடுங்கள்.

தட்டுச்சுழல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தாளில் வரைந்தேன், கோணமானி சொன்னதுபோல மூலையில் கைக்கு இடமே இல்லை. கை பக்கவாட்டுக்கு வந்துவிட்டது, 205 வலது, 55 பின்னால். பிதாகரஸ் கணக்குப் போட்டுப் பார்த்தால் 212 என்று வருகிறது, 2 மி.மீ. குறைகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

வெட்டி மிஞ்சிய துண்டுகளை வைத்து ஒரு சோதனையும் செய்தேன். பழைய டர்ன்டேபிளில் தட்டை நிறுத்தி, ஊசியை ரெக்கார்டில் இறக்கி, சத்தத்தைக் கொஞ்சமாக ஏற்றி, ஆர்ம்போர்டை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினேன். ஸ்பீக்கரில் "டொம்ம்" என்று இழுத்தது. அடியில் ஒரு ப்ளைவுட் துண்டைத் திருகி இறுக்கியதும் அது "டொப்" என்று சட்டென நின்றது. அரை சாண் மரத்துண்டுக்கு இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நினைக்கவில்லை.

கோணமானி:

தப்பு ஒன்றும் இல்லை. 205-ஐ அப்படியே வைத்து 55-ஐ 61 ஆக்குங்கள், 214 வந்துவிடும். அல்லது 55-ஐ வைத்துக்கொண்டு வலப்பக்கம் 207-க்குத் தள்ளுங்கள், நான் இதைத்தான் செய்வேன், சுவருக்கு 2 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது. துளையிடும் முன் ஒரு அலுமினியப் பட்டையில் ஸ்பிண்டில் ஆடாமல் நுழையும் ஓட்டை ஒன்று, அங்கிருந்து சரியாக 214-இல் கூர்முனைக்கு ஒரு சிறிய ஓட்டை ஒன்று போட்டு, யூனிட்டை அதன் இடத்தில் உட்கார வைத்த பிறகே மையத்தைக் குறியுங்கள். வரைபடத்தை நம்பித் துளைக்க வேண்டாம், யூனிட் ஓட்டைக்குள் அரை மி.மீ. நகர்ந்திருந்தாலும் கணக்கு மாறும்.

இன்னொன்று, பவர் சப்ளையின் பின்னால் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்த்தீர்களா? ஜப்பான் சந்தைக்கு வந்தவை 100 வோல்ட். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் தெரிந்த ஒருவரிடம் காட்டி மாற்றிவிடுங்கள், அதுவரை மணிக்கணக்கில் ஓட விடாதீர்கள். அந்தப் பவர் சப்ளைப் பெட்டியைக் கார்ட்ரிட்ஜ் (கை நுனியில் ஊசி இருக்கும் பாகம்) பக்கம் வைக்காமல் கேபிள் எட்டும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். துளை போட்டதும் படம் போடுங்கள்.