செவிலியர் பணி ஒப்பந்தத்தில் பிணைத்தொகை, அசல் சான்றிதழ், கூடுதல் நேரம்: விதிகளை எப்படி எழுதுவது?

கேள்வி:
வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். செவிலியர்களுக்கான பணி ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் பிணைத்தொகையாகப் பெருந்தொகை கட்ட வேண்டும், அதுவரை அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்திடமே இருக்கும், தேவைப்படும்போதெல்லாம் கூடுதல் நேரம் பணியாற்ற வேண்டும் என்று பழைய படிவம் சொல்கிறது. செவிலியர் சம்மதித்துக் கையெழுத்திட்டால் இவை செல்லும் என்கிறார்கள். அது சரியா?

தொழிலாளர் சட்ட வழக்கறிஞரின் பதில்:
சரியல்ல. சட்டம் வகுத்த குறைந்தபட்ச உரிமையைக் கையெழுத்தால் விட்டுக்கொடுக்க இயலாது. எனவே உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தையும் செவிலியர் பதிவு விதிகளையும் அருகில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு விதியையும் எழுதுங்கள். சான்றிதழ் விதியை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். அசலைச் சரிபார்த்து, நகலை வைத்துக்கொண்டு, அன்றே திருப்பித் தருவதுதான் முறை. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளுள் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு குறிப்பிடுகிறது; சான்றிதழ் இல்லாமல் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாத செவிலியருக்கு இதுவும் அதே பிடிதான்.

பிணைத்தொகை வழக்குக்குப் போனால், விலகியதால் நிர்வாகத்துக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பு என்ன என்ற கேள்வி எழும். வார்டு அறிமுகத்தையும் வழக்கமான மேற்பார்வையையும் பயிற்சிச் செலவு என்று காட்டுவது எடுபடாது.

செவிலியர் கண்காணிப்பாளரின் பதில்:
கூடுதல் நேர விதியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அன்றாடம் சச்சரவு எழுவது அங்கேதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1977ஆம் ஆண்டுச் செவிலியப் பணியாளர் உடன்படிக்கை, எண் 149, பணிநேரம், வார ஓய்வு, விடுப்பு போன்றவற்றில் செவிலியரின் நிலை பிற தொழிலாளர்களின் நிலைக்குக் குறையக் கூடாது என்கிறது. அதனுடன் வந்த 157ஆம் பரிந்துரை, இயல்பான பணிநேரம் நாளுக்கு அதிகபட்சம் 8 மணி நேரம், கூடுதல் நேரத்தையும் சேர்த்து அதிகபட்சம் 12 மணி நேரம், இரு பணிமுறைகளுக்கு (ஷிப்டுகளுக்கு) இடையே குறைந்தது 12 மணி நேர ஓய்வு என்ற அளவுகளைத் தருகிறது. பரிந்துரை கட்டாயச் சட்டமன்று. ஆயினும் உள்நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இல்லாத இடத்தில் இந்த அளவையே எழுதுங்கள்.

அடுத்த பணிமுறைக்கு நோயாளிகளை ஒப்படைக்கும் நேரத்தையும் பணிநேரமாகக் கணக்கிடுங்கள். மாற்றுச் செவிலியர் வராவிட்டால் யார் ஏற்பாடு செய்வது, அந்த நேரத்துக்கு என்ன ஊதியம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நோயாளியை விட்டுவிட்டுப் போக மனம் வராத செவிலியரின் பொறுப்புணர்வை இலவச உழைப்பாக மாற்றக் கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்காக வெளி நிறுவனத்தில் கட்டணம் செலுத்திப் பயிற்சி அளிக்கிறோம். அதற்கு மட்டும் பிணை வைக்கலாமா?

வழக்கறிஞர்:
உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால் வைக்கலாம். பயிற்சிக்கு முன்பே தனி ஒப்பந்தமாக எழுதி, ரசீதில் உள்ள தொகையை மட்டும் குறிப்பிட்டு, பணியாற்றிய ஒவ்வொரு மாதத்துக்கும் அது விகிதப்படி குறையும் என்று சேருங்கள். நிர்வாகமே பணிநீக்கம் செய்தாலோ, ஊதியம் நிலுவையில் இருப்பதால் செவிலியர் விலகினாலோ தொகை கேட்கப்படாது என்ற வரியும் வேண்டும். கையெழுத்தான பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.