இறால் ஆகாதவருக்கு லக்சா: பெலாச்சானுக்குப் பதில் என்ன?

மாங்குளம் அடுப்படி:
தேங்காய்ப்பால் லக்சா (மலாய் நூடில்ஸ் குழம்பு), ஆறு பேருக்கு. ஒருவருக்கு இறால் ஒவ்வாது, இன்னொருவருக்கு மரமுந்திரிகைப் பருப்பு. இறாலைப் போடாமல் விட்டால் காணுமோ? அரிசி நூடில்ஸுக்குப் பதில் இடியப்பம் சரிவருமோ?

நந்திக்கடல்:
காணாது. இறால் அரைக்கிற மசாலாக் கூட்டுக்குள்ளேயே இருக்கு. பெலாச்சான் உப்பிட்டுப் புளிக்கவைத்த கூனி இறால். அதோட காய்ந்த இறாலும் அரைபடும். எவ்வளவு கொதிச்சாலும் ஒவ்வாமை தாற இறால் புரதம் அழியாது. வறுக்கிற ஆவியே சிலருக்குக் காணும், அதால "அவருக்கு வேற சட்டி" எண்ட கதை வேண்டாம். நண்டு, கணவாய், மட்டியையும் விடுங்கோ. மீன் வேற புரதம். அது ஒத்துக்கொள்ளுமெண்டால் மாசி (காயவைச்ச மீன்) 2 மேசைக்கரண்டி போடலாம், ஆனால் தூளாக வாங்காதீங்கோ. கடையில கூனியையும் மாசியையும் ஒரே கரண்டியால அள்ளுவினம். கட்டி மாசியைக் கழுவி இடியுங்கோ.

அம்மிக்கல்:
கூட்டு: ஊறவைச்ச செத்தல் மிளகாய் 15, சின்ன வெங்காயம் 200 கிராம், உள்ளி 6 பல்லு, பேரரத்தை 2 அங்குலம், மஞ்சள் 1 அங்குலம், எலுமிச்சைப்புல் 3 தண்டின்ர வெள்ளை அடி. மலாயாவில தடிப்புக்கு "புவா கெராஸ்" கொட்டை அரைப்பினம். பச்சையாத் திண்டால் நஞ்சு. பதிலுக்குக் கஜு (மரமுந்திரிகைப் பருப்பு) போடச் சொல்லுவினம், உங்களுக்கு ரெண்டும் வேண்டாம். தேங்காய்ப்பூ 4 மேசைக்கரண்டி பொன்னிறமா வறுத்து அரையுங்கோ.

அரைக் கோப்பை எண்ணெயில, மெல்லிய நெருப்பில 15 நிமிடம், எண்ணெய் பிரியுமட்டும் வதக்கவேணும். அவசரப்பட்டால் பச்சை வெங்காய வாடை கடைசிவரை போகாது. பிறகு இரண்டாம் பால் 6 கோப்பை. முதற்பால் 2 கோப்பை இறக்கிற நேரத்தில, கொதிச்சால் திரைஞ்சுபோகும். பைக்கற்றுத் தேங்காய்ப்பால் மா சிலதில பசுப்பால் புரதமும் கிடக்கும், பாத்து வாங்குங்கோ.

மாங்குளம் அடுப்படி:
மலேசியாவில இருந்து வந்த கூட்டுப் பைக்கற்று ஒண்டு கிடக்கு. பாவிக்கலாமோ?

நந்திக்கடல்:
மலாய் எழுத்தில "உடாங்" எண்டால் இறால், "இக்கான்" மீன், "கண்டும்" கோதுமை. "கச்சாங்" எங்கட கச்சான் (நிலக்கடலை) மாதிரிக் கேட்டாலும் பயறு, கொட்டை வகைக்கெல்லாம் பொதுப்பெயர். "கச்சாங் தானா" தான் கச்சான். உடாங் இருந்தால் வையுங்கோ ஒருபக்கம்.

அம்மிக்கல்:
இடியப்பம் சரிவரும், தனி அரிசிமாவில அவிச்சால். அவிச்ச கோதுமை மா கலந்தால் கோதுமை ஆகாதவருக்குச் சரிவராது. குழம்பை மேல ஊத்தி உடனே குடுங்கோ, ஊறினால் களி. பொரிச்ச தோஃபு சோயா; அதுவும் ஆகாதெண்டால் பொரிச்ச கத்தரிக்காய் குழம்பை நல்லா உறிஞ்சும்.

நந்திக்கடல்:
விட்டுப்போச்சு: சாப்பிட்டு உதடு வீங்கி மூச்சு இழுத்தால் பிரிற்றன் (ஒவ்வாமைக் குளிசை) குடுத்துப் பாத்துக்கொண்டு இருக்காதீங்கோ, நேர ஆசுப்பத்திரிக்கு.