உங்க தொழில்ல 'படி'ன்னா என்ன?

வணக்கம். பள்ளி நூலகச் சுவருக்கு 'படி' பற்றி ஓர் அட்டை எழுதுறேன். சம்பளச் சீட்டுல பஞ்சப்படி, பயணப்படி. சுவடிக்காரங்களுக்கு நகல். கணக்குல இருபடிச் சமன்பாடு. ஐயப்ப பக்தர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பதினெட்டாம்படி.

முகத்தலளவைதான் இழுக்குது. 8 ஆழாக்கு 1 படி, 8 படி 1 குறுணின்னு வாய்பாடு சொல்லுது. ஆனா எங்க தெருப் பொரிக்காரர் தலைதட்டவே மாட்டார், சரியச் சரியக் கோபுரமாக் குவிச்சுத்தான் கொட்டுவார். (தலைதட்டினா யாரு வாங்குவா!)

உங்க ஊர்ல நெல்லு, எள்ளு, கடலைக்கு எப்படி? சின்னப் படி, பெரிய படின்னு பேச்சு உண்டா? தறி, தச்சு, கொத்து வேலைக்காரங்க வேற பொருள்ல சொல்றாங்களா? வீட்டுல பழைய படி இருந்தா, முத்திரை தெரியுற மாதிரி ஒரு படம் போடுங்க. ஊர்ப் பேரையும் மறக்காம எழுதுங்க.