எச்-இண்டெக்ஸ் 60, ஆனால் கடைசி ஆசிரியராக வந்தது குறைவு. இவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா?

லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) ஆய்வில் வழிகாட்டி தேடுகிறேன். ஒருவருக்கு மேற்கோள்கள் ஏராளம், ஆனால் பெரும்பாலான கட்டுரைகளில் பெயர் நடுவில்தான் இருக்கிறது, ஆய்வை வழிநடத்தியவர் பெயர் வழக்கமாக வரும் கடைசி இடத்தில் இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில் 1:
எச்-இண்டெக்ஸ் 60 என்றால் தலா 60 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட 60 கட்டுரைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். அதில் அவர் பங்கு எவ்வளவு என்று அது சொல்லாது. ரத்தப் புற்றுநோயில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் மருந்துப் பரிசோதனைகள் அதிகம், நோயாளிகளைச் சேர்த்தவர்கள் பெயரும் வரும், அதுவும் உண்மையான உழைப்புதான். அப்புறம், நோய் வகைப்பாட்டுக் கட்டுரைகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், அதில் ஒன்றில் பெயர் இருந்தாலே மொத்த எண்ணிக்கை எங்கோ போய்விடும்.

பதில் 2:
எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கட்டுரைகளைப் படியுங்கள். ஒருவகை லுகேமியாவில் காணப்படும் பிலடெல்பியா குரோமோசோம் (இயல்புக்கு மாறான சிறிய குரோமோசோம்) பற்றி 1960இல் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் வெளியிட்டது ஒரு சிறு குறிப்பு. அது 9, 22ஆம் குரோமோசோம்களின் இடமாற்றம் என்று ஜேனட் ரௌலி 1973இல் காட்டினார். அந்த வழியில்தான் 2001இல் அந்த லுகேமியாவுக்கான இமாடினிப் மருந்து அனுமதி பெற்றது.

பதில் 3:
கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் அவர் மாணவர்கள் முதல் ஆசிரியராக (வழக்கமாக வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் இடம்) வந்திருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் சேர வேண்டாம்.