ஜூலை 26: என் தந்தை இந்த ஆண்டு மேடையேற மறுப்பது ஏன்?

கேள்வி:
என் தந்தை 1999ஆம் ஆண்டு கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் இருந்த காலாட்படை வீரர். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று ஏதேனும் ஒரு பள்ளி அவரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கும். முந்தைய இரவே பதக்கங்களைத் துடைத்துத் தாமே சட்டையில் குத்திவைப்பார். எங்களைத் தொட விடமாட்டார். ஆனால் விழா முடிந்து வந்தால் இரண்டு மூன்று நாள் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. இவ்வாண்டு வர இயலாது என்று சொல்லிவிட்டார். நாடே மரியாதை செய்யும் நாள் அவருக்கு ஏன் சுமையாகிறது? நான் வற்புறுத்தலாமா?

ஓய்வுபெற்ற சுபேதார்:
வற்புறுத்தாதீர்கள், தம்பி. ஊடுருவியவர்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நாள் ஜூலை 26. அது நாட்டின் தேதி. திராஸ் பகுதியின் தோலோலிங் சிகரம் மீட்கப்பட்டது ஜூன் 13 அன்று, டைகர் ஹில் சிகரம் ஜூலை 4 அன்று. ஆனால் அங்கே ஏறியவனைக் கேட்டால், உடன் ஏறியவன் எந்த இரவில் விழுந்தானோ அந்த இரவைத்தான் சொல்வான். போரில் 527 பேர் உயிர்நீத்தார்கள் என்று மேடையில் வாசிப்பார்கள். அவர்களில் சிலருடைய குரலும் குறட்டையும்கூட உங்கள் தந்தைக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் விழும் கைதட்டலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. ஒருமுறை ஒரு மாணவன் என்னிடம், "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்டான். பிள்ளை மீது குற்றமில்லை. ஆனாலும் ஒலிபெருக்கியின் முன் வாயடைத்து நின்றுவிட்டேன்.

அமைதிப்படையில் இருந்தவன்:
சுபேதார் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுதும் ஏற்க முடியவில்லை. நான் 1987இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டவன். 1990இல் படை முழுதும் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்திருந்தோம். எங்களுக்கென்று நாடறிந்த ஒரு தினம் இல்லை. தமிழ்நாட்டில் அதைப் பற்றி வாய் திறந்தால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும் என்பதால் நாங்களும் பேசுவதில்லை, அது தனிக்கதை. 2019இல் தில்லியில் தேசியப் போர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்ட பிறகு, தியாகச் சக்கரத்தின் கருங்கல் வரிசைகளில் என் நண்பனின் பெயரைத் தேடிச் சென்றேன். கண்ணாடியை மறந்துவிட்டேன், பேரன்தான் எழுத்துக்கூட்டிப் படித்தான். அந்தப் பெயரை என் குடும்பத்தில் ஒருவர் உரக்கச் சொன்னது அன்றுதான் முதல்முறை. தேதி இல்லாதவனுக்குத்தான் தேதியின் அருமை தெரியும். எனவே மேடை வேண்டாம் என்றால் விடுங்கள், அந்த நாளை விட்டுவிடாதீர்கள்.

ஒரு படைவீரரின் மனைவி:
என் கணவரும் விழாக்களுக்குப் போவதில்லை. அன்று விடியற்காலையிலேயே பழைய யூனிட்காரர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். பாதி இந்தி, பாதி சிரிப்பு, நடுவில் நீண்ட மௌனம். அந்த அரைமணி நேரம் நான் அறைக்குள் போகமாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. சுபேதார் ஐயா எழுதியதைப் படித்தபின், "உங்கள் தேதி எது, அப்பா?" என்று நேற்று கேட்டேன். சற்று நேரம் கழித்து ஜூன் மாதத்தில் ஒரு நாளைச் சொன்னார். ஆண்டுதோறும் அந்த இரவில் அவர் சாப்பிடாமல் படுப்பதை வயிற்றுக் கோளாறு என்றே அம்மா இத்தனை காலமும் நினைத்து, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துவந்திருக்கிறார்; அவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்திருக்கிறார்.