பஸ்ஸை ஏற்றினால் தொப்பியின் நாதம் மெலிகிறது

வணக்கம். கச்சேரிப் பதிவு ஒன்றைக் கலவை செய்து வருகிறேன். மிருதங்கத்தின் வலந்தலைக்கும் (வலப்பக்கம்) தொப்பிக்கும் (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) தனித்தனி மைக் வைத்துப் பதிந்த இரு டிராக்குகளையும் செண்ட் (ஒலியின் நகலை அனுப்பும் இணைப்பு) வழியாக ஒரு பஸ்ஸுக்கு (பல டிராக்குகள் சேரும் பொதுத் தடத்துக்கு) அனுப்பி, அங்கே கம்ப்ரஸரால் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவியால்) அழுத்தி, மூல ஒலியோடு சேர்க்கிறேன். பஸ்ஸைத் தனியாகக் கேட்டால் கும்கி (தொப்பியில் எழும் குழைந்த தாழொலி) நிறைவாக ஒலிக்கிறது. மூலத்தோடு சேர்ந்ததும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனம் கரைந்துவிடுகிறது. மிருதங்கத்துக்கு உயிரே அந்தக் கனம்தான் என்பதால் இதை விட்டுவிட மனமில்லை.

மென்பொருள் ரீப்பர் 7, இயங்குதளம் விண்டோஸ் 11. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பஃபர் 512 சாம்பிள். செண்டுகள் ஃபேடருக்குப் பின்னிருந்து 0 டெசிபெலில் செல்கின்றன.

பஸ்ஸில் எந்த பிளக்கினும் (இணைப்பு மென்பொருளும்) இல்லாமல் போலாரிட்டியைத் திருப்பியபோது (அலையைத் தலைகீழாக்கியபோது) மூலமும் பஸ்ஸும் ஒன்றையொன்று நீக்கி முழு நிசப்தம் கிடைத்தது. ஆகவே இணைப்பில் பிழையில்லை என்று கருதுகிறேன். அனலாக் கருவியைப் பின்பற்றி அமைந்த அந்தக் கம்ப்ரஸரைச் சேர்த்து அதே சோதனையைச் செய்தால், விகிதம் 1:1 ஆக (அழுத்தமே இல்லாமல்) இருந்தாலும், தாழ்ந்த அதிர்வெண்கள் மட்டும் மிஞ்சுகின்றன. வலந்தலை டிராக்கை முடக்கியும், பஃபரை மாற்றியும், கோப்பாக வெளியேற்றியும் பார்த்தேன், மாற்றமில்லை. மென்பொருளோடு வரும் கம்ப்ரஸரில் இந்த மெலிவு இல்லை, ஆனால் நான் விரும்பும் நாதமும் அதில் வரவில்லை.

தாமதத்தால் அன்றி, பிளக்கின் உண்டாக்கும் ஃபேஸ் (அலையின் சுழற்சி நிலை) மாற்றத்தால்தான் இது நேர்கிறது என்றால், அதே கம்ப்ரஸரை வைத்துக்கொண்டே தொப்பியின் கனம் குறையாதவாறு செண்டையும் பஸ்ஸையும் எவ்வாறு அமைப்பது?