டவுனில் வாடகைக்கு வந்தவர்களும் வீட்டுக்காரரும்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

மூதூர், சம்பூர், வெருகல் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக டவுனுக்கு வந்தால், முதல் மனக்கசப்பு பெரும்பாலும் கரண்ட் பில்லில்தான். முன்வீட்டுக்கும் பின்னால் உள்ள அனெக்ஸுக்கும் ஒரே மீற்றர். அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் ஏறும். இரண்டு குடும்பத்துப் பாவனையும் ஒன்றாகச் சேர்ந்தால் இருவருக்குமே மேல்படி விலை விழும். "இவங்கள் வந்த பிறகுதான் பில் ஏறினது" என்பார் வீட்டுக்காரர். "எங்களிட்ட அளவுக்கு மிஞ்சிக் காசு வாங்குறாங்கள்" என்பார் வந்தவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அனெக்ஸுக்குத் தனியாகச் சப் மீற்றர் போடுங்கள். மின்சார சபை ஆள் மீற்றர் பார்க்க வருகிற அதே நாளில் அதையும் பார்த்து, ஒரே கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். மாதக் கடைசியில் பார்த்தால் பில்லோடு ஒத்துவராது. மொத்தம் 150 அலகு, அனெக்ஸ் 60 என்றால், நிலையான கட்டணமும் சேர்த்து முழுப் பில்லில் 5இல் 2 பங்கு. "முதல் 60 அலகு மலிவுதானே, அந்தக் காசைத் தாறன்" என்பது நியாயமில்லை. அந்த மலிவு இரண்டு வீட்டுக்கும் பொது.

அன்புவழிபுரத்திலிருந்து:

அதைவிடப் பாரமானது பதிவு. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கப் போனால், தேருநர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், அந்த முகவரியில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். வாடகைக்கு வந்தவரின் பெயரைச் சேர்க்க வீட்டுக்காரர் பின்னடிப்பது வளவு கைமாறிவிடும் என்ற பயத்தில். போரில் விட்டுவந்த காணியில் வேறு ஆட்கள் இருப்பதைக் கண்ட மாவட்டம் இது. அந்தப் பயத்தை லேசாக எடுக்காதீர்கள். இடாப்பில் பெயர் இருப்பதால் வீட்டில் உரிமை வராது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் முடித்துவிட்டு, இருவரும் சேர்ந்தே கிராம உத்தியோகத்தரிடம் போங்கள்.

தம்பலகாமத்திலிருந்து வந்திருப்பவர்:

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் நாளை விட்டுவிடாதீர்கள். ஒரே வளவில் இரண்டு நிறைகுடம் வைத்தால் பிரிந்து நிற்பதுபோல் ஆகிவிடும். முதல்நாளே, "அக்கா, கும்பத்துக்கு நெல் ஊரிலயிருந்து கொண்டுவாறன்" என்று சொல்லிவிடுங்கள். மேசையில் வெள்ளைத் துணி, தலைவாழை இலை, நெல் பரப்பிக் கும்பம், 5 மாவிலை, முடித் தேங்காய், இரு பக்கமும் குத்துவிளக்கு. கடற்காற்றுக்கு மெல்லிய திரி நிற்காது, தடிப்பாகத் திரியுங்கள். சுவாமி வாசலில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அர்ச்சனைத் தட்டில் இரண்டு குடும்பத்துப் பெயர், நட்சத்திரத்தையும் ஒரே தாளில் எழுதி வைத்தால் ஐயருக்கு வாசிக்க லேசு.